பௌர்ணமிக் கன்னங்கள்

"பொண்ணு மொகம் பௌர்ணமி நிலா கணக்கா கீதுக்கா!" என்று ஜொவிட்டாவின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினாள் மாப்பிள்ளையின் அம்மா ரோஸி. "போட்டோவுல பாத்தப்பவே எனக்குப் புடிச்சுப்போச்சு."

பெண்ணின் அம்மா ஃப்ளோரன்ஸுக்கு உச்சி குளிர்ந்தது. சாந்தோம் கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போனால், அந்தக் கன்னத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாத தாய்மார் கிடையாது. மகளைப் பார்த்த டாக்டரும் நிலா முகம் என்றுதான் சொன்னார். என்ன, அவர் இங்கிலீஷில் சொன்னார், சொல்லிவிட்டுத் திட்டினார்.

மூட்டு வீக்கத்துக்கு என்று சில வாரங்களுக்கு எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை அது. வலி பறந்துபோன சந்தோஷத்தில், பழைய சீட்டையே தெருமுனை மெடிக்கலில் காட்டிக் காட்டி நாலு வருஷம் ஓட்டிவிட்டார்கள். கன்னம் உப்பியது, இடுப்பு எலும்பு உள்ளுக்குள் செத்துப்போனது. இருபத்தெட்டு வயதில் ஜொவிட்டாவுக்கு இடுப்பு மூட்டையே மாற்றியாக வேண்டும்.

இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளிடம் போனார்கள். நோய் இல்லாதவர்களை மட்டும்தான் காப்பாற்றுவோம் என்று எல்லோரும் கைவிரித்தார்கள். கடைசியில் யாரோ ஒரு வழி சொன்னார்கள். தரமணிப் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பையனைக் கட்டினால், ஆபீஸ் இன்சூரன்ஸில் பொண்டாட்டிக்கும் முதல் நாளிலிருந்தே வைத்தியம் உண்டாம், பழைய வியாதியா என்று கேட்க மாட்டார்களாம். அன்றிலிருந்து ஃப்ளோரன்ஸ் மாதாவிடம் கேட்டதெல்லாம் ஒரு தரமணி மாப்பிள்ளைதான்.

"சொல்லிடலாம் ஃப்ளோரா. பாவம், நல்ல மனுசங்களா கீறாங்க" என்று சமையற்கட்டில் முணுமுணுத்தார் கணவர் விக்டர்.

"வாய மூடிக்கினு கேக்கு, காபியெல்லாம் எடுத்துக்கினு வாங்க. தாலி ஏறட்டும், அப்பால நானே சொல்றேன்."

பெண் நொண்டி நடப்பது தெரியக் கூடாது என்று, அவர்கள் வருவதற்கு முன்பே ஜொவிட்டாவை நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. காபித் தட்டை விக்டர் தூக்கி வந்தார். "எங்க வூட்ல ஆம்பளைங்களும் வேல செய்வாங்க" என்று பெருமையடித்துக்கொண்டாள் ஃப்ளோரன்ஸ்.

பெரியவரைக் கண்டதும் மாப்பிள்ளை ஆஸ்டின் எழுந்திருக்கப் பார்த்தான். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தவன், பாதியிலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் கன்னம் உருண்டைதான். ஏசியில் உட்கார்ந்தே தின்று வளர்ந்த உடம்பு என்று ஃப்ளோரன்ஸ் உள்ளூர மெச்சிக்கொண்டாள்.

"ஆபீஸ் தரமணியிலதான தம்பி?"

"அது வந்து ஆன்ட்டி..."

"தரமணிதான்க்கா" என்று முந்திக்கொண்டாள் ரோஸி. "பாப்பா வேல பாக்குற ஸ்கூல்ல எல்லா சலுகையும் உண்டுன்னு சொன்னீங்களே, நெசந்தான?"

"இல்லாமலா!" என்றாள் ஃப்ளோரன்ஸ் கூசாமல். அந்தப் பள்ளி டீச்சர்களுக்குக் கொடுத்த ஒரே சலுகை, ஆசிரியர் தினத்துக்கு ஒரு பேனா. ஜொவிட்டா அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப இன்னாத்துக்குக்கா லேட்டு?" என்றாள் ரோஸி. "வர்ற ஞாயித்துக்கெயமையே கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிடலாம். தவக்காலம் பொறந்துட்டா கல்யாணம் வைக்க முடியாது."

இதே சாக்கைச் சொல்லி அவசரப்படுத்தலாம் என்றுதான் ஃப்ளோரன்ஸ் காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் அவளுக்கு. மகளின் ஆபரேஷன் முடிந்தே விட்டதாக மனசு துள்ளியது, வாய் அடங்கவில்லை.

"ஒரே ஒரு விசயம் தம்பி. கல்யாணம் ஆனதும் உங்க ஆபீஸ் இன்சூரன்ஸ்ல பொண்டாட்டி பேரையும் சேத்துடுவாங்கல்ல?"

ஆஸ்டின் திருதிருவென்று அம்மாவைப் பார்த்தான். கையிலிருந்த கேக்கைத் தட்டில் போட்டாள் ரோஸி.

"இன்னாக்கா இப்புடிக் கேக்கறீங்க? இவனுக்குத்தான் வேலையே பூட்ச்சே! இவன் இடுப்பு ஆபரேஷனுக்கு உங்க பொண்ணு ஸ்கூல் இன்சூரன்ஸத்தான நம்பி வந்தோம்!"