காலியாக விட்ட வரி

ஆங்கிலப் படத்துக்குத் திரையின் அடியில் வரும் தமிழ் வரிகளை எழுதிக்கொண்டிருந்த ஜெபராஜ் ஓரிடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான். சரிபார்க்கும் வேலை தமயந்திக்கு. திரையில் ஒரு மாலுமி காலை இழுத்து நடக்க, இன்னொருவன் "கிம்பி" என்று கூப்பிட்டுச் சிரித்தான்.

"இதுக்கு ஏன் எழுதல?"

"தமிழ்ல சரியா அமையலைங்க."

இழுத்து நடக்கும் அவளுடைய இடது காலைப் பார்க்காமல் இருக்க அவன் பாடுபடுவது அவளுக்குத் தெரிந்தது. அகராதியைத் திறந்தாள். நொண்டுபவரைக் கேலியாகச் சொல்வது, பிறப்பு தெளிவில்லை, முறுக்கிய நூலைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று போட்டிருந்தது. முறுக்கிய நூல் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அந்த இடத்தில் 'நொண்டி' என்றே அடித்தாள்.

"அவன் திட்டுறான். திட்டு திட்டாவே இருக்கட்டும்" என்றவள் அவன் பக்கம் திரும்பினாள். "இங்க என்னை எப்படிச் சொல்லுவீங்க?"

அவன் விசைப்பலகையைப் பார்த்தபடியே சொன்னான்.

"யாராவது புதுசா வந்து உங்களைத் தேடினா, தாங்கித் தாங்கி நடப்பாங்கன்னு சொல்லுவோம்."

"தாங்கித் தாங்கி." அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "எதைத் தாங்குறேன்னு யாரும் கேட்டதில்லையா?"

"இல்லைங்க."

அவள் எழுந்து கதவுவரை நடந்தாள். அங்கேயே நின்று தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"திரும்பி வரேன். இந்தத் தடவை நல்லாப் பாத்து, எப்படி நடக்குறேன்னு சொல்லுங்க."

ஜெபராஜ் முதன்முறையாக நிமிர்ந்து அவள் நடப்பதைப் பார்த்தான்.