நரம்பு பார்க்கும் விளக்கு

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, தோலுக்கு அடியில் ஓடும் நரம்பைக் கோடு கோடாகக் காட்டும் விளக்கு ஒன்று ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தது. முதல் நாளே அதற்கு வாய்த்தது மாசிலாமணி என்ற நோயாளியின் கொழுத்த கை. எவ்வளவு முறைத்துப் பார்த்தும் ஒரு கோடும் தெரியவில்லை. இன்றைக்குத் தோற்றால் பீரோவுக்குள் தள்ளிப் பூட்டிவிடுவார்களே என்று விளக்குக்குக் கவலை.

கட்டில் கம்பியில் இருந்த கொசு கேட்டது: "என்ன தம்பி, கிடைக்கலையா?"

"இந்த ஆளுக்கு நரம்பே இல்லை அக்கா. என் பிழைப்பு போச்சு."

"அடப்பாவி, காலையிலகூட அங்கதான் பசியாறினேன். இரு, காட்டுறேன்."

கொசு பறந்துபோய் முழங்கை மடிப்பில் உட்கார்ந்தது. ஊசியோடு நின்ற எஸ்தர் சிஸ்டர் விட்டாள் ஓர் அறை. ஒரு கால் நசுங்கினாலும் கொசு மயிரிழையில் உயிர் தப்பியது. அடி விழுந்த இடத்தில் நரம்பு புடைத்து எழுந்தது. ஊசி ஒரே குத்தில் ஏறியது.

"மெஷின்னா மெஷின்தான்," என்று டாக்டர் விளக்கைத் தட்டிக்கொடுத்தார்.

கொசு நொண்டிக்கொண்டே பக்கத்தில் வந்து, "பிழைச்சியா தம்பி?" என்றது.

விளக்கு அதன் பக்கமே திரும்பவில்லை. "சுத்தமான வார்டுக்குள்ளே இதையெல்லாம் யார் விடுறது?" என்று மருந்துத் தட்டிடம் கேட்டது.