நிலவுக்குப் போன கல்

அமைச்சரின் அறிவிப்புக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது. பன்னாட்டுத் தேர்வில் நாடு கடைசியிலிருந்து மூன்றாவது. அதனால் வரும் ஆண்டு முதல் தமிழ்வழியில் அறிவியல் கற்பிக்கப்படாது என்றது கோப்பு. ஆதாரமாக ஒரு கேள்வியைத் திரையில் காட்டினார் கல்வித்துறை இயக்குநர் சடகோபன். ஒரு கல்லை நிலவுக்குக் கொண்டுபோனால் அதன் எடை என்னவாகும்? மாறாது என்பது தேர்வுக்குழு தந்த விடை. தமிழ்வழிப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் குறையும் என்று எழுதியிருந்தார்கள்.

"போற வழியில கல்லு இளைச்சுப் போச்சாம்," என்றார் ஒருவர். அறையே சிரித்தது.

கோப்பு ஒவ்வொரு கையெழுத்தாக வாங்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தது. கேள்விகளின் மொழிபெயர்ப்பு சரி என்று கடைசியாகக் கையெழுத்திட வேண்டியவள் தமயந்தி. அவள் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"என்னம்மா, பேனா எழுதலையா?" என்றார் சடகோபன்.

"பிள்ளைங்க சரியாத்தான் சார் எழுதியிருக்காங்க. நிலவுல ஈர்ப்பு கம்மி, எடை குறையும். மாறாதது நிறை, கல்லுல இருக்கிற பொருளோட அளவு." அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். "மூலத்துல நிறைன்னுதான் கேட்டிருந்தாங்க. எடைன்னு மாத்தி எழுதினது நான்தான்."