கட்டுரையில் ஓர் இடம்

திருப்பதியில் இளம் விஞ்ஞானிகளுக்குத் தொற்றுநோய் ஆராய்ச்சிப் பயிற்சி. மூன்றாம் நாள் காலை, நகரியிலிருந்து வந்திருந்த தேவசேனாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது.

"சார், இருமிக்கினே இருக்கேன். ரூம்லயே இருந்துக்கட்டுமா?"

"இன்னிக்கு நோயாளிங்களைத் தனிமைப்படுத்தறது பத்தி என் கிளாஸும்மா! வரலன்னா சர்டிபிகேட் கிடையாது" என்றார் பேராசிரியர் கோவர்த்தனன்.

முப்பது பேருக்கு நடுவே உட்கார்ந்து, தனிமைப்படுத்தலின் அவசியத்தை இருமிக்கொண்டே குறிப்பெடுத்தாள். வாரக் கடைசியில் முப்பது பேரும் படுத்துவிட்டார்கள். பேராசிரியர் சுறுசுறுப்பாக எல்லோரிடமும் ரத்த மாதிரி எடுத்தார்.

ஆறு மாதம் கழித்து அவரே போன் செய்தார்.

"அந்தக் காய்ச்சலைப் பத்தின கட்டுரை ஃபாரின் ஜர்னல்ல வந்துடுச்சும்மா. நீ இல்லாம அது இல்லவே இல்ல!"

முதல் கட்டுரை! பூரிப்போடு திறந்தாள். எழுதியவர், கோவர்த்தனன் மட்டும்.

அவளும் இருந்தாள், மூன்றாம் பக்கத்தில்: 'நோயாளி எண் 1. அறிவுரையை மீறி வகுப்புக்கு வந்தவர்.'