முதல் ஷேவிங்

ராயப்பேட்டை பழைய சாமான் கடையில் டில்லிபாபு அந்த மடக்குச் சவரக்கத்தியை விரித்துப் பார்த்தார். அலகு இன்னும் பளபளத்தது. கொம்புப் பிடி கைக்குள் பாந்தமாக உட்கார்ந்தது.

“உங்களுக்கா?” என்றார் கடைக்காரர்.

“பையனுக்கு. மொத ஷேவிங்.”

“இன்னா வயசு?”

“இருபத்தஞ்சு.”

“லேட்டாத்தான் வந்துகீது” என்று கடைக்காரர் சிரித்தார். டில்லிபாபுவும் சிரித்தார்.

வீட்டில் பிள்ளையின் கன்னத்தில் நுரை தடவி, கத்தியைப் பதமாக இறக்கினார். அது பூனைமுடியைச் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தது.

அடுப்படியிலிருந்து மனைவி வேலம்மா முனகினாள். “ஜோதிலட்சுமின்னு பேரு வெச்ச பொண்ணுய்யா அது. டாக்டரு ஊசி போட்டா ஆம்பளையாயிடுமா?”

“அவன் எப்பவுமே ஆம்பளதான். நமக்குத்தான் தெரியல.”

‘அவன்’ என்ற அந்தச் சொல்லுக்காக ஒரு வருடமாகக் காத்திருந்த ஜோதியின் உதடு நடுங்கியது.

“அழுவாத நைனா” என்றார் டில்லிபாபு. “கத்தி பட்டுடும்.”