லேசாகிப்போன ஸ்டியரிங்

மலைப்பாதையில் ஓடும் ஒரு ஜீப்பின் ஸ்டியரிங்குக்கு, தன்னைச் சக்கரங்களோடு இணைக்கும் ராடைக் கண்டாலே எரிச்சல். சக்கரம் கல்லில் ஏறினால் போதும், அந்த இரும்புக் கம்பி அடியை அப்படியே மேலே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

“அண்ணே, இடப்பக்கம் மண்ணு இளகுது. இறுக்கிப் புடிங்க” என்று கீழிருந்து எச்சரிக்கும் ராடு.

“உன் வாயில நல்ல சேதியே வராதா?” என்று எரிந்துவிழும் ஸ்டியரிங்.

கனத்த ஸ்டியரிங்கை வளைத்து வளைத்து டிரைவருக்கும் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. எண்ணெய் அழுத்தத்தில் லேசாகத் திரும்பும் புது ஹைட்ராலிக் ஸ்டியரிங் வாங்க வசதியில்லை. ராடைக் கழற்றிப் பின்சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, காயலான் கடையில் பொறுக்கிய பம்பையும், வெயிலில் கிடந்து கீறல் விழுந்த ரப்பர் ஹோஸையும் மாட்டி எண்ணெய் ஊற்றினார்.

“நீங்க விரலை அசைச்சா போதும்ணே, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றது ஹோஸ். கீழிருந்து ஒரு சேதியையும் அது மேலே கொண்டுவரவில்லை. ஸ்டியரிங்குக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, இறக்கத்தில், ஹோஸின் வயிறு கிழிந்தது.

“அண்ணே, எண்ணெய் கொட்டுது!” சீட்டுக்கடியிலிருந்து கத்தியது ராடு.

“கழட்டிப் போட்டும் இவன் வாய் ஓயல” என்று சலித்துக்கொண்ட ஸ்டியரிங், ஹோஸைக் கேட்டது. “தம்பி, வளைவு வந்துருச்சு. திருப்பிட்டியா?”

“திருப்பியாச்சுண்ணே” என்றது ஹோஸ், கடைசிச் சொட்டும் வடிய.

சக்கரங்கள் நேராகவே போய்க்கொண்டிருந்தன. டிரைவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைச் சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். இத்தனை லேசாக அது என்றைக்குமே சுற்றியதில்லை.