தீர்த்தம் சுட்ட ஜெனரல்

"பிசாசுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி, இப்பவே அடுப்புல தூக்கிப் போட்டுடறோம்!"

தொமாசா போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் கலைந்தன. அவள் பின்னால் சந்தைப் பெண்கள் ஏழெட்டுப் பேர். நடுவில், பிளாஸ்டிக் வாளியைக் கட்டிப்பிடித்தபடி அம்பாரோ.

வாளிக்குள் ஜெனரல் சிரித்துக்கொண்டிருந்தது. மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாயில் வாழும் சாலமாண்டர் என்ற அந்த நீர்ப்பல்லிக்கு வாய் அமைப்பே அப்படி, உயிர் போனாலும் சிரிப்புப் போகாது. புருஷன் செத்த இந்த ஆறு வருஷமாக அம்பாரோவுக்குப் பேச்சுத் துணை அது ஒன்றுதான். இப்போது அதன் முதுகுத் தோல் நைந்த துணியாய்த் தண்ணீரில் மிதந்தது.

"வனத்து அந்தோனியார் திருநாளுக்கு ஆடு, நாய், கிளியோட இதுவும் வந்துச்சு. தீர்த்தம் தெளிச்சீங்க. மறுநாளே தோல் உரிஞ்சுது. என் கோழிக்கு உரிஞ்சுதா? கழுதைக்கு உரிஞ்சுதா?" என்றாள் தொமாசா.

"அப்புறம்?" என்றார் பங்குக் குரு லிசாந்த்ரோ சாமி. முகம் வெளிறியிருந்தது.

"அப்புறம் நான்தான் சாமி..." அம்பாரோ வாளியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "தீர்த்தத்தை விடவா மருந்துன்னு தினமும் கோயில் தொட்டியிலேர்ந்து ஒரு பாட்டில் கொண்டுபோய் ஊத்தினேன். ஊத்த ஊத்த உரியுது."

"பாத்தீங்களா! தீர்த்தம் சுடுதுன்னா அது என்னவா இருக்கும்? பிசாசு இருக்கற வீட்டுல வெந்த சோளமாவுத் தமாலே யாருக்கு வேணும்? ஒரு வாரமா ஒருத்தரும் இவகிட்ட வாங்கலை."

சாமி வாளியருகே குனிந்தார். பேயோட்டப் போகிறார் என்று பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவரோ டாக்டர் மாதிரி ஆரம்பித்தார்.

"முதல்ல எங்கே உரிஞ்சுது? விரல் இடுக்குலயா?"

"ஆமா சாமி."

"ராத்திரியில அரிக்குதா?"

"எங்கிட்ட சொல்லலியே சாமி."

"சாப்பாடு இறங்குதா?"

"மண்புழுவைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்குது."

"பாவம்." சாமியின் கண் கலங்கியது. "அது... மனசறிஞ்சு ஏதாவது தப்புப் பண்ணியிருக்குமா?"

அம்பாரோ யோசித்தாள். "சின்ன வயசுல கூட வளர்ந்த இன்னொன்னோட காலைக் கடிச்சுத் தின்னுடுச்சு. ஆனா அதுக்குத் திரும்ப முளைச்சிடுச்சு சாமி."

"பிசாசுக்கே பாவசங்கீர்த்தனம் கேக்கறாரே!" தொமாசா தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லார் முன்னாடியும் தீர்த்தத் தொட்டியில முக்குங்க. துடிச்சா பிசாசு!"

"கூடாது!" சாமி இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. "தோல் உரிஞ்சா பிசாசா? எவ சொன்னது?"

அப்போது, "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் கோயில்பிள்ளை செனோபியோ. ஒரு கையில் தொட்டியில் ஊற்றத் தண்ணீர்க் குடம், மறு கையில் வெள்ளை பாட்டில்.

"அது என்னண்ணே பாட்டில்?" என்றாள் அம்பாரோ.

"குளோரின். தொட்டியில கொசுப்புழு நெளியுதுன்னு கிறிஸ்மசுக்கு அப்புறம் சுகாதார ஆபீசர் வந்து திட்டிட்டுப் போனாரு. அன்னையிலேர்ந்து தினம் அரை பாட்டில். இப்போ மருந்துக்குக்கூட ஒரு புழு கிடையாது!"

எல்லார் கண்களும் பாட்டிலிலிருந்து ஜெனரலின் முதுகுக்குப் போயின. தொமாசாதான் முதலில் நழுவினாள். "நாளைக்கு எனக்கு ஆறு தமாலே எடுத்து வை" என்று அம்பாரோவின் காதில் முனகிவிட்டுப் போனாள். மற்றவர்களும் பின்னாலேயே கலைந்தார்கள்.

சாமி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "குளோரினா! வெறும் குளோரினா!" சிரித்தார், அழுதார், எழுந்து செனோபியோவைக் கட்டிக்கொண்டார்.

அம்பாரோ உருகிப்போனாள். "என் ஜெனரலுக்காக அழ உங்களை விட்டா யாரு சாமி இருக்கா?"

சாமி, குளிருக்கென்று சொல்லி இரண்டு மாதமாய் மாட்டியிருந்த கையுறைகளைக் கழற்றினார். விரல் இடுக்கிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து தொங்கியது.

"செனோபியோ, தபாலாபீசுக்கு ஓடுங்க! 'தீர்த்தமே என்னைச் சுடுகிறது, இனி நான் குருவாக இருக்க முடியாது'ன்னு காலையிலதான் பிஷப்புக்குக் கடிதம் போட்டேன்!"